நோன்பு முடிந்த ஞாயிறு

“நான் மரக்கறி சாப்பிடுறன் அக்கா, விருந்தை முன்னுக்கு வையுங்கோ.” அன்று நான் இதைச் சொல்லவில்லை. கடந்த வியாழன் காலை ரெஜினா அக்காவின் கணவர் அன்ரன் அண்ணை தொலைபேசியில், “ரெஜினா போயிட்டா, தங்கச்சி” என்று மட்டும் சொல்லி நிறுத்தியபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த வசனம்தான்.

மன்னாரில் பிறந்த ரெஜினா அக்கா, புலம்பெயர்ந்து வந்து அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவர். படிப்பை முடித்துவிட்டுக் கொஞ்சக் காலத்துக்கு என்று நான் அங்கே சேர்ந்த முதல் நாள், எந்த அறையில் யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு மசித்துக் கொடுக்க வேண்டும் என்று தாளைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார். இடைவேளையில் நான் புத்தகத்தோடு ஒதுங்கியிருந்ததைக் கண்டு, “உதுக்குள்ள சோறு இருக்கோ, பிள்ளை?” என்று கேட்டு, தன் புட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். அந்த ஆண்டே அவர் வீட்டு வான்கோழி விருந்தில் எனக்கும் ஓர் இடம் வந்தது.

சமையலறைப் பெண்கள் ஆறு பேர் கூடும் விருந்து அது. மூவர் கத்தோலிக்கர், மூவர் சைவர். கிறிஸ்து பிறந்த நத்தாரை ஒட்டித் திருவெம்பாவை நோன்பு வந்துவிடும். சைவர் எங்களுக்கு அப்போது மச்சம், மாமிசம் இல்லை. அதனால் நோன்பு முடியும்வரை அக்கா வான்கோழியைத் தொடமாட்டார். “நீங்கள் மூண்டு பேரும் கத்தரிக்காயைப் பாத்துக்கொண்டு இருக்க, எங்களுக்கு டேர்க்கி இறங்குமோ?” என்பார்.

நவம்பரிலேயே மெனு எழுதத் தொடங்குவார். பழைய உணவு அட்டவணையின் பின்பக்கத்தில் பெயர், கொண்டுவருவது, ஆகாதது என்று மூன்று கட்டம். ராணி அக்காவுக்குச் சீனி ஆகாது. பத்மாவுக்கு இறால் ஆகாது. வான்கோழி எப்போதும் அவருடையது. தயிரிலும் மிளகிலும் இரண்டு நாள் ஊறவைப்பார். கிரான்பெரிப் பழத்தில் உறைப்பாக ஒரு சம்பல் செய்வார்.

சென்ற நவம்பரில் ஆறு பேருக்கும் விடுமுறை பொருந்தியவை இரண்டே நாட்கள்: நத்தாருக்கு மறுநாள், இல்லையென்றால் நோன்பு முடிந்து வரும் ஞாயிறு. அக்கா ஞாயிறு என்று எழுதினார். அந்த வாரம் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. கோடையிலிருந்து மலத்தோடு இரத்தம் போவதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். குடலைக் குழாய் விட்டுப் பார்க்க, விருந்து ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை வரவேண்டும். ஞாயிறு முழுவதும் சாப்பாடு இல்லை, மருந்து குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும்.

“வீடு நிறையச் சனத்தை வைச்சுக்கொண்டு நான் குசினிக்கும் கக்கூசுக்கும் ஓடுறதோ?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். “உமக்குத்தானே நல்ல இங்கிலீஷ். போன் அடிச்சு நாளை மாத்திவிடும்” என்றார்.

அடித்தேன். ஏப்ரல் கடைசிக்கு முன் இடமில்லை, பரவாயில்லையா என்று ஆஸ்பத்திரிப் பெண் இரண்டு தரம் கேட்டார். நான் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அதைச் சொன்னேன். அக்கா மெனுவிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஓம்” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

விருந்தை நத்தாருக்கு மறுநாளுக்கு மாற்றி, அன்று கத்தரிக்காய் சாப்பிடுவது எனக்குப் பெரிய காரியமல்ல. பக்தியாலும் நான் நோன்பு பிடிப்பதில்லை. அம்மா கேட்டதால் பிடிப்பது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் எங்களுக்காக நாளை மாற்றி வைப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஞாயிறன்று வான்கோழி நன்றாக வந்தது. அக்கா எல்லோருக்கும் வெட்டி வைத்தார். தான் இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு மசியலோடு எழுந்து, மிச்சத்தைப் பெட்டிகளில் போட்டு எங்கள் கைகளில் தந்தார். “எலும்பை எறியாதேங்கோ, ரசம் வையுங்கோ” என்று காருக்குள் குனிந்து சொன்னார்.

செத்தவீட்டன்று தண்ணீர் எடுக்க அவர் குசினிக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்தத் தாள் இன்னும் இருந்தது. என் பெயருக்கு நேரே, ஆகாதது என்ற இடத்தில், ‘நோன்பு’ என்று எழுதி, நாள் குறித்த பிறகு கோடு போட்டு வெட்டியிருந்தார். தன் பெயருக்கு நேரே அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

போய் வாருங்கள், அக்கா. இந்த முறை எங்களுக்காக யாரும் நாள் பார்க்க வேண்டாம்.

பரிசோதனை ஏப்ரல் கடைசியில் நடந்தது. அதற்குள் குடலில் இருந்த புற்று ஈரலுக்கும் பரவியிருந்தது. அதன்பின் அவர் ஐந்து மாதம் இருந்தார்.