நோவில்லாத நரகம்

நான் சைவம், மனைவி மன்னார்க் கத்தோலிக்கப் பெண். புலம்பெயர்ந்து வந்து அஜின்கோர்ட்டில் குடியிருந்து பிள்ளைகளை வளர்த்து முடித்த இத்தனை வருடங்களில் அது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. போன தவக்காலத்தில் அவளுடைய கோயில் மண்டபத்தில் பழைய இத்தாலியக் காவியம் ஒன்றை வாசிக்கும் வகுப்பு தொடங்கினார்கள். நரகம், பாவக்கறை கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் மூன்றையும் அதை எழுதிய கவிஞனே உயிரோடு சுற்றிப் பார்த்து வரும் கதை. அவளும் சேர்ந்தாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வகுப்பு முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் அடுப்படியில் நின்ற என் முன்னால் வந்து நின்றாள்.

"ஞானஸ்நானம் எடுக்காத நல்ல ஆக்களுக்கு நரகத்தில தனியா ஒரு இடமாம். அப்ப நீங்கள் அங்கதான் இருப்பியள்."

"அங்க என்ன செய்வினம்?"

"ஒண்டுமில்லை. நோவும் இல்லையாம். ஆனா கடவுளைக் காண ஏங்கிக்கொண்டே இருப்பினமாம். காண ஏலாதாம்."

"நோவில்லையெண்டா நல்லதுதானே," என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள்.

"உது ஆரோ எழுதின பாட்டு. வேதமில்லையே."

"ஓம், ஃபாதரும் அதைத்தான் சொன்னவர்."

"பிறகேன் அழுறீர்?"

"தெரியேல்லை."

எனக்கும் தெரியவில்லை. எண்ணெய்க் கொப்பரை உள்ள நரகத்தைச் சின்ன வயதில் கேட்டுப் பயந்திருக்கிறேன். நோவே இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது?

பக்கத்து வீட்டு இத்தாலியரிடம் வேலிக்கு மேலால் கேட்டேன். கட்டட வேலை செய்து ஓய்வு பெற்றவர். தங்கள் ஊரில் எழுத்தறியாதவர்கள்கூட அந்தக் காவியத்தின் வரிகளைச் சொல்லித்தான் திட்டுவார்கள் என்று சிரித்தார்.

"எழுதியவன் தனக்குப் பிடிக்காத ஆட்களையெல்லாம் நரகத்தில் போட்டான்," என்றார். பிறகு, "பிடித்தவர்களையும் போட்டான். அது ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை," என்றார்.

இதைப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கக்கூடாது. "பிடிச்ச ஆக்களையுமோ?" என்று கேட்டவள் போய் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள்.

சில வாரம் கழித்து நானும் வகுப்புக்குப் போனேன். அன்று, மலையாக இருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தின் உச்சிப் பகுதி. கவிஞனை நரகத்தினூடாகப் பத்திரமாகக் கூட்டி வந்த வழிகாட்டி, ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் அதற்குமேல் போக முடியாமல் மறைந்துபோகிறார். கவிஞன் ஏதோ சொல்லத் திரும்பினால் பக்கத்தில் ஆளில்லை. மனைவி எல்லோர் முன்னாலும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வகுப்பு முடியும்வரை விடவில்லை.

காரில் வரும்போது கேட்டேன்: "நான் ஞானஸ்நானம் எடுக்கட்டோ?"

"நம்பிறியளோ?"

"இல்லை. உமக்காகத்தான்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "எனக்காகவெண்டா வேண்டாம்," என்றாள்.

ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவும் இல்லை. அவள் ஏன் வேண்டாமென்றாள் என்று இன்னும் கேட்கவில்லை.

இப்போது மோட்சத்தை வாசிக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒரே வெளிச்சம். எனக்கெண்டா ஒண்டும் பிடிபடேல்லை," என்கிறாள்.