பிடித்த வேலை எது என்று கேட்டார்கள்

டில்லியில் ராஜாவுக்குத் தர்பார் நடந்ததென்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம் நடந்தது இது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பை முடித்துவிட்டு நின்றேன். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, நான் என்ன செய்ய?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷத்துப் பெண்களை எல்லா வேலையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் சின்னப் பிள்ளைகள் வகுப்பு, கொஞ்ச நாள் லேஸ் பின்னுகிற அறை, அப்புறம் சமையல்கட்டு, அப்புறம் மருந்தறை. யாருக்கு எதில் கை ஓடுகிறது, யாருக்கு எது வரவே வராது என்று பக்கத்தில் நின்று கவனிப்பார்கள். வருஷக் கடைசியில் ஒரு கமிட்டி உட்காரும். பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள், கோயில் குருவானவர், அவருடைய மனைவி, இன்னும் சில பெரியவர்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, உனக்கு எந்த வேலையில் பிரியம் என்று கேட்பார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். அந்தக் காலத்தில் பெண்பிள்ளையிடம் உனக்கு என்ன பிரியம் என்று யார் கேட்டார்கள்? பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை. இவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, சொன்னதற்கு நேர் எதிரான வேலையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவர்களாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். எது நமக்குப் பிரியமோ அது மாம்சத்தின் ஆசை, அதை விட்டுக்கொடுத்து, எது கசக்கிறதோ அதைச் சுமப்பதுதான் ஊழியம் என்று அவர்கள் மனசார நம்பினார்கள். ஆகவே ஒருத்தி ஒரு வேலையை ஆசையோடு கேட்டால், அந்த ஆசையே அவள் அதற்கு லாயக்கில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகிவிடும். யாருக்கு எது வரும் என்று தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வருஷம் பூராவும் கூடவே இருந்து தெரிந்துகொண்டு, தெரிந்தபடியே தலைகீழாகச் செய்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பிரியம் மருந்தறையில். சீழ் வடிகிற கட்டியைப் பார்த்து மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு அதைத் துடைத்துச் சுத்தமாக்கிக் கட்டுப் போட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். ஒருநாள் சமையல்கட்டில் ஒரு பெண் அரிவாள்மணையில் உள்ளங்கையைப் பிளந்துகொண்டாள். எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, நான் போய்க் கையை உயரத் தூக்கிப் பிடித்து இறுக்கிக் கட்டினேன். மருந்தறைப் பொறுப்பாக இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, இவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாவிட்டால் பாவம் என்று மிஸ்ஸியம்மாளிடமே சொன்னார். பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நர்ஸ் வேலை படிக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் பக்கத்துப் பாயில் படுக்கிற ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்பென்றால் உயிர். பை நிறையப் புளியங்கொட்டை வைத்திருப்பாள். தரையில் கொட்டையை அடுக்கி 'அ' போடுவாள், பிள்ளைகள் அதன்மேல் விரலை ஓட்டும், கலைக்கும், தானே அடுக்கிப் பார்க்கும். மண்டையில் எதுவும் ஏறாது என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகள்கூட அவளிடம் விளையாட்டுப்போல எழுத்துக் கற்றுக்கொண்டன. ஆனால் ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டால் போதும், கண் சொருகிக் கீழே விழுந்துவிடுவாள். இதுவும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான்.

கமிட்டி கூடிய அன்றைக்குத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முந்தின வருஷத்து அக்காமார் எங்களை முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அவள் என் காதுக்குள் சொன்னாள்.

"ஏட்டி, நான் ஆஸ்பத்திரிதான் வேணும்னு சொல்லுதேன். நீ பள்ளிக்கூடம் வேணும்னு சொல்லு. அவிய மாத்திக் குடுத்துருவாவ. ரெண்டு பேருக்கும் நல்லது."

"நான் சொல்ல மாட்டேன். வாயைத் தெறந்து கேக்காவ, உள்ளதச் சொல்லுவோம். பொய் சொல்லி வாங்குத அளவுக்கு நாம என்ன களவா எடுத்தோம்?" என்றேன். "சரிட்டி, நானும் உள்ளதயே சொல்லுதேன்" என்றாள்.

அன்றைக்கு அவளுக்குக் கெட்ட யோசனை சொல்லிவிட்டாய் என்று பின்னால் எத்தனையோ பேர் என்னைக் குத்திக்காட்டியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னது எந்த ஊரில் குற்றம்? உண்மையைச் சொன்னவளைத் தண்டித்தவர்களை விட்டுவிட்டு, சொன்னவளைப் பிடிப்பதுதான் நம் ஊர் வழக்கமாக இருக்கிறது.

உள்ளே போனேன். மிஸ்ஸியம்மாள் சிரித்த முகமாக, "மகளே, உனக்கு எதில் பிரியம்?" என்றார். ஆஸ்பத்திரி என்றேன். ஏன் என்று குருவானவர் கேட்டார். அந்த வேலை செய்யும்போது மனசு நிறைகிறது, எனக்கு அது வருகிறது என்றேன். மனசு நிறைகிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே புரிந்துவிட்டது. சாயங்காலம் ஜெபத்துக்கு அப்புறம் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். நான் முக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அவள் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ். ரத்தத்தைப் பார்த்தால் விழுகிறவளை ரத்தத்துக்கு நடுவிலே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கிடைத்ததைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பாட்டு வேறு பாடச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மாட்டுவண்டியில் என் டிரங்குப் பெட்டியோடு அந்த ஊருக்குப் போய் இறங்கினேன். ஆற்றங்கரை ஊர். ஓலைக்கூரைக் கட்டடம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாள் பள்ளிக்கூடம். நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க முயலாமல் இல்லை. ஆனால் ஒரே எழுத்தை நூறு தடவை சொல்லுகிற பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கினால் என் கண் சிலேட்டில் நிற்காது, விரலிடுக்கில் இருக்கிற சிரங்குக்குப் போகும். ஒருவன் காதில் சீழ், ஒருத்திக்குக் கண்ணில் பீளை, முக்கால்வாசிப் பேருக்குத் தலையில் ஈரும் பேனும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஆனா ஆவன்னா எப்படிப் படிக்கும்? காலையில் முதல் வேலையாக எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கையை நீட்டி விரலை விரிக்கச் சொல்லிப் பார்ப்பேன். வெந்நீர், வேப்பிலை, மஞ்சள், பெட்டியில் கொண்டுபோன மருந்து எல்லாம் போட்டேன். மழை வருவதற்குள் ஊரில் சிரங்குப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எழுத்துத் தெரிந்த பிள்ளையும் அதிகம் இல்லை.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து வரிசையாக நின்று, கையை நீட்டி விரலை விரித்துக் காட்டின. பெரியவர் யார் வந்தாலும் அதற்குத்தான் வருகிறார் என்று அவர்கள் நினைப்பு. இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசிக்கச் சொன்னார், ஒரு பிள்ளைக்கும் வாய் வரவில்லை. அதற்குள் முன்வரிசையில் நின்ற ஒரு குட்டிப் பெண் அவர் கையையே உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, சார்வாளுக்கு நகச்சுத்து" என்றாள்.

நிஜம்தான். ஆள்காட்டி விரல் வீங்கிச் சிவந்து போயிருந்தது, மேலே ஒரு அழுக்குத் துணி. என்னால் சும்மா இருக்க முடியுமா? உட்காரச் சொல்லி, வெந்நீரில் உப்புப் போட்டு விரலை வைக்கச் சொல்லி, இளகியதும் சீழை எடுத்துச் சுத்தமான துணியில் கட்டிவிட்டேன். மனுஷர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

"ராத்திரி பூரா தூக்கம் இல்லம்மா. நல்லா இருப்பிய. ஆனா இங்கன நீங்க நடத்துதது பள்ளிக்கூடம் இல்ல" என்றார்.

"நானும் அதத்தான் சார்வாள் முதல்லயே அவியகிட்ட சொன்னேன்" என்றேன். நல்லா இருப்பிய என்று வாழ்த்திவிட்டுப் போனவர், நான் கட்டிவிட்ட கையாலேயே அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கொடுக்கிற கிராண்டை நிறுத்தி எழுதிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. தன் வேலையைச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

கிராண்டு நின்றதும் பாளையங்கோட்டையில் கண் திறந்தது. நான் அழுதது ஒரு வருஷமாக யாருக்கும் கேட்கவில்லை, பணம் வராதது உடனே கேட்டுவிட்டது. கமிட்டி என்னைக் கூப்பிட்டது. போதிக்கிற வரம் உனக்கு இல்லை, ஆகையால் ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றார்கள். இதை நான் போன வருஷமே சொன்னேனே ஐயா என்று வாய்வரை வந்தது. அதற்குள் இன்னொன்று உறைத்தது. இடம் எப்படிக் காலியானது?

அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப எழுந்து போயிருக்கிறாள். கடைசியில் ஆபரேஷன் அறை வாசற்படியில் விழுந்து நெற்றி பிளந்து, உடம்புக்கு முடியாதவள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் துள்ளி எழுந்தேன். "அப்போ என் பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்புங்க. ரெண்டே மாசத்துல அந்தப் பிள்ளைகளை வாசிக்க வச்சிருவா" என்றேன். மிஸ்ஸியம்மாள் தலையை ஆட்டினார். உடம்பு முடியாதவளுக்கு வேலை கொடுக்க முடியாதாம். அதோடு ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே கிராமத்துக் கோயிலில் ஜெபம் நடத்துகிற ஒரு உபதேசியாருக்கு அவளைக் கட்டிக்கொடுக்க ஏற்பாடு ஆகிவிட்டதாம். மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர் என்றார்கள். அவளிடம் கேட்டீர்களா என்றேன். குருவானவர் ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்த கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இத்தோடு விட்டார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று குருவானவர் சொன்னார். கர்த்தர் என்னை ஒரு வருஷம் வனாந்தரத்தில் நடத்தித் தாழ்மையைக் கற்றுக்கொடுத்த விதத்தைச் சபைக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். செய்தது இவர்கள், பழி கர்த்தர் மேல். எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். "கர்த்தர் எனக்கு இந்தக் கையைக் கொடுத்தார், அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொடுத்தார். அதைப் பிடுங்கினது அவர் இல்லை. பிடுங்கினவர்கள் முன்பெஞ்சியில் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஜெபம் செய்வோம் என்று குருவானவர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். என்னை வெளியே தள்ளிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, அதனால் பிழைத்தேன்.

சில வருஷம் கழித்து அவள் பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். நெற்றியில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. பெண் குழந்தை, நான்தான் கையில் வாங்கினேன். மறுநாளே வார்டு கூட்டுகிறவள் என்னிடம் புகார் கொண்டுவந்தாள், தரையெல்லாம் புளியங்கொட்டை என்று. போய்ப் பார்த்தால், அடுத்த கட்டிலில் இருந்த வயல்வேலைக்காரப் பெண் குனிந்து உட்கார்ந்து கொட்டையை அடுக்கிக்கொண்டிருக்கிறாள், இவள் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டிக்கொடுக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, எனக்குச் சொகமாயிட்டுன்னு பெரிய டாக்டரம்மாட்ட உடனே சொல்லிராத. இவ இப்பத்தான் 'க' வர வந்துருக்கா. இன்னும் கொஞ்ச நாள் என்னை இங்கன போட்டு வையி."

போட்டு வைத்தேன். காய்ச்சல் இருக்கிறது என்று பொய் சொல்லித்தான் வைத்தேன். பொய் சொல்லி வாங்க மாட்டேன் என்று தாழ்வாரத்தில் வீராப்புப் பேசிய அதே வாயால், கூசாமல் சொன்னேன். அவள் வாழ்நாளில் அவளுக்கு வாய்த்த பள்ளிக்கூடம் அந்த வார்டு மட்டும்தான்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையில் வாங்கிவிட்டேன். கைராசிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லுகிறது. அப்படி யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் என்னைவிட ராசியான கை ஒன்று எனக்குத் தெரியும், அது ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே யாரோ ஒருவருக்குச் சோறு வடித்தே ஓய்ந்துபோனது.