ஜீப்பில் தொங்கிய சொட்டு மருந்து

சிலமலைப் பக்கமிருந்து மதுரைக்குக் கண் வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். போன ஆவணியில் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. பார்வை இருந்தது வலது கண்ணில் மட்டும்தான்.

ஏலக்காட்டில் களையெடுக்கும்போது காய்ந்த இலை நுனி அந்தக் கண்ணில் குத்திவிட்டது. காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஒரு சொட்டு மருந்து எப்போதும் தொங்கும். யாருக்குக் கண் உறுத்தினாலும் அதுதான் வைத்தியம்.

“என்னண்ணே, அக்காகிட்ட அடி வாங்குன கண்ணாட்டம் இருக்கு? அண்ணாந்து காட்டு” என்று டிரைவர் சிரித்துக்கொண்டே சொட்டு விட்டாராம். மறுநாளே, “சிவப்பு வத்திருச்சுடி, சோலிக்குப் போறேன்” என்றார் இவர். தினமும் விட்டுக்கொண்டார். பத்து நாளில் கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்தது.

போடியில் காலை பஸ்சில் ஏறினால் மதுரைக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஜன்னலோரம் உட்காராதீர்கள். வெளிச்சம் பட்டாலே இவர் துடித்துப்போனார். முந்தானையால் முகத்தை மூடியே கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள்.

“பூஞ்சைம்மா” என்றார் டாக்டரம்மா. “இலை குத்துன வழியா உள்ள போயிருக்கு. நீங்க விட்ட சொட்டுல ஸ்டீராய்டு இருக்கு. அதுல சிவப்பு குறையும், பூஞ்சை வளரும்.”

“குணமான மாதிரித்தானே இருந்துச்சு டாக்டர்?” என்றேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூஞ்சைக்கான மருந்தை இரவும் பகலும் மணிக்கொரு தரம் விட்டேன். கேட்கவில்லை. கருவிழியில் ஓட்டை விழுந்தது. கடைசியில் கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது, “ஆண்டிபட்டிக் கணவாய் வந்துருச்சா? காத்து சில்லுனு அடிக்குது” என்றார். வந்துவிட்டது என்றேன்.

இலையோ மண்ணோ கண்ணில் பட்டால் நீங்களாக மருந்து விடாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே விட்ட மருந்துப் புட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சுரண்டிப் பார்க்கவேண்டும் என்றால் பயப்படாதீர்கள்.

இப்போது அதே ஜீப்பில் நான் வேலைக்குப் போகிறேன். நான் அழுததைப் பார்த்து டிரைவர் அந்தப் புட்டியை எறிந்துவிட்டார். நேற்று பக்கத்தில் இருந்த பாண்டியம்மா மடியிலிருந்து அதே மருந்தில் புதுப் புட்டி ஒன்றை எடுத்தாள். இலை குத்தியதாம். எங்களுக்கு நடந்ததை அவளிடம் முழுசாகச் சொன்னேன்.

“நீ ஏங்க்கா பயந்து சாகுற?” என்று கண்ணை விரித்துக் காட்டினாள். “இந்தா பாரு, சிவப்பு வத்திருச்சு.”