எனக்கு முன் ஐந்தாம் இலக்கம் அணிந்தவர்

நவ்பர் நானா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை முற்பகலில், பல்லேபொலயில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு வந்தது. அவருடைய மனைவி பரீதா மதினிதான் பேசினார். "கணேஷ் தம்பி, உங்கட நானா மவுத்தாயிட்டார். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு. பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கம். நீங்க வரணும்."

அரை நாள் லீவு கேட்டேன். இறந்தது யார் என்று மேலதிகாரி விசாரித்தார். தேசிய அணியில் ஆடியவர் என்றேன். "எந்த வருஷத்து கிரிக்கெட் டீம்?" என்றார். உதைபந்தாட்டம் என்று சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட அவரை ஆடுகளத்தில் பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் அதிகம் பேர் இல்லை என்று தெரியும். மற்றவர்களுக்கு அவர் பலாபத்வலயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற கடைக்காரர். நமக்கு அவர் பதினொரு வருடம் நாட்டின் பின்களத்தைக் காத்த ஐந்தாம் இலக்கம். குதித்துத் தலையால் பந்தை வெளியேற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி நடப்பார். அந்த நடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நான் முதன்முதலில் முகாமுக்குப் போனபோது எனக்கு இருபத்தொரு வயது. அணியைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு புதிய வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். என்னையும் சேர்த்து இளம் வீரர்கள் ஏழு பேரை ஒரேயடியாக அழைத்திருந்தார். நானும் நவ்பர் நானாவும் ஒரே மாவட்டம் என்பதால் ஒரே அறை. இருவரும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள் என்பதை அறையைப் பிரித்துக் கொடுத்தவர் யோசிக்கவில்லைபோலும்.

சாப்பாட்டுக் கூடத்தில் மூத்தவர்கள் இரண்டு மேசைகளில் உட்காருவார்கள். நாங்கள் ஜன்னலோரம். அடுத்த முகாமில் மூத்தவர்களுக்கு ஒரு மேசையே போதுமாக இருந்தது. கோல்காப்பாளர் போய்விட்டிருந்தார், இடதுபக்க முன்கள வீரரும் போய்விட்டிருந்தார். யாருக்கும் பிரியாவிடை இல்லை. பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். மூன்றாவது முகாமில் நானா அந்தப் பெரிய மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்களோட வந்து சாப்பிடுங்களேன் நானா."

"நீங்க சத்தம் போடுறீங்க," என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீங்க சிரிக்கிறது என்னத்துக்குன்னு எனக்கு விளங்குறதும் இல்ல," என்றார்.

இனி எழுதப்போவது எனக்குச் சுலபமானதல்ல. அந்த முகாமின் இரண்டாவது வாரத்தில் பயிற்சியாளர் என்னை மைதானத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். உன் அறையில் இருப்பவரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டார். பயிற்சி முடிந்ததும் நானா கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலுக்கு ஐஸ் கட்டுவார். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவார். மற்றவர்கள் வந்தால் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவார். இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் கூறியிருக்கிறேன். அவருடைய இடம் எனக்கு வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நானா ஒரு வெள்ளைத்தாளை என் கட்டிலில் வைத்தார்.

"ஓய்வு பெறுறேன்னு கடிதம் குடுக்கணுமாம். இங்கிலீஷ்ல. நீ எழுது."

எழுதினேன். அவர் வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

"இளம் வீரர்களுக்கு இடம் குடுக்கிறதுக்காக விலகுறேன்னு போட்டிருக்கேன் நானா. அப்படித்தான் எழுதுவாங்க."

"அத வெட்டு. நான் குடுக்கல்ல. எடுத்தாங்க."

வெட்டிவிட்டு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பையைக் கட்டி, அன்று பின்னேரமே ஊருக்குப் போகக் கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் நிலையம்வரை வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த தொடரில் ஐந்தாம் இலக்க ஜேர்சி எனக்குக் கிடைத்தது. நன்றாகவே ஆடினேன் என்று பத்திரிகைகள் எழுதின. நவ்பர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அணி என்பது அப்படித்தான் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். ஆள் போன மறுநாளே வேறொருவன் அதே இடத்தில் நின்று அதே பந்தைத் தடுப்பான். பார்க்கிறவர்களுக்கு இடைவெளி தெரியாது. போனவனுக்கு மட்டும் தெரியும்.

எனக்கும் அது தெரியவந்தது. முப்பத்திரண்டு வயதில், ஒரு பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் அழைத்துச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வருமோ என்று சில மாதம் காத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், ஆனாலும் பேச ஆளில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பலாபத்வலயில் இறங்கினேன். அத்தனை வருடத்தில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கியதில்லை.

கடையில் அவர் சாக்கிலிருந்த மிளகைக் கையால் அள்ளி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பயிற்சியாளரிடம் நான் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "அந்தக் காலைப் பத்தித் தெரிஞ்சது உனக்கு மட்டுந்தானே."

"தெரிஞ்சும் என்னையே கடிதம் எழுதச் சொன்னீங்களே?"

"நீயே உன் கையால எழுதட்டும்னுதான்." மிளகைச் சாக்கில் கொட்டினார். "ஒரு வருஷம் உன்ட பேரை யாராவது எடுத்தா எழும்பிப் போயிடுவேன். உன்ட மெச் டீவியில போட்டா நிப்பாட்டுவேன். அவ்வளவு கோபம் ஈந்தது."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஒரு நாள் நிப்பாட்டாமப் பார்த்தேன். நீ நல்லா ஆடினே. எனக்குப் பாய முடியாத ஒரு பந்துக்குப் பாஞ்சே." உள்ளே திரும்பி, இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார். "அத உனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். போனை எடுப்பேன், வச்சிடுவேன். நீ செஞ்சது பிழை. நான் சொல்லாம இருந்ததும் பிழைதான்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எந்த மைதானத்தில் புல் நன்றாக இருக்கும், எந்த நடுவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதுவார் என்று. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருடம் மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய்வந்தேன்.

அடக்கத்துக்கு ஊர் மக்கள் நிறைய வந்திருந்தார்கள். அவருடன் ஆடியவர்களில் என்னைத் தவிர வந்தது மூன்று பேர். மையவாடிச் சுவரோரம், மற்றவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி, நாங்கள் ஒன்றாக நின்றோம். இப்போதைய தேசிய அணியிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது ஆடுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரிய வழியில்லை. மண் போட்டு முடிந்ததும் அந்த மூவரும் அவரவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி நான் அன்ரனுக்கு அழைத்தேன். என் இடத்துக்கு வந்தவன் அவன், யாழ்ப்பாணத்துக்காரன். மூன்று வருடமாக அவனுடைய ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அவனுடைய எண் மட்டும் என்னிடம் இருந்தது.

"ஆர் கதைக்கிறது?"

பெயரைச் சொன்னேன். "கணேஷ் அண்ணையா? என்னோட நீங்கள் கதைக்கமாட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

உன் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அப்ப கெதியாப் பாருங்கோ அண்ணை. வாற முகாமுக்கு என்ர இடத்துக்கு ரெண்டு பெடியளைக் கூப்பிட்டிருக்கினம்."

முகாம் எங்கே என்று கேட்டேன். கண்டியில், வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் எடுப்பதாகச் சொன்னான். பலாபத்வலயைத் தாண்டித்தான் அந்த பஸ் போக வேண்டும்.

நவ்பர் நானாவிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அவர் போட்டுத் தந்த அந்த ஸ்டூலும், கோபத்தை ஒளிக்காமல் முழுவதும் சொல்லிவிட்டு வரவழைத்த தேநீரும்தான். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கும் எனக்கும் பதினொரு வருடம் எடுத்தது. அன்ரனைப் பலாபத்வலயில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.