முன் சில்லு பின்னுக்குச் சுற்றியது

யப்பான் சண்டை முடிந்த கையோடு, பழுதான ஆமி ஜீப்பின் முன் அச்சை என் கணவர் எங்கள் பழைய காருக்குப் பூட்டினார். பின் சக்கரங்கள் மட்டுமில்லாமல் நாலு சில்லும் இழுத்தால் கிரான் வயல் வட்டைச் சேற்றிலும் போகலாமென்று அவருக்கு ஆசை.

சில்லுகள் நிலத்தில் படாமல் காரைக் கட்டைகளில் ஏற்றி இஞ்சினை ஓடவிட்டபோது தேநீர் கொண்டுபோனேன். பின் சில்லுகள் முன்னுக்கும் முன் சில்லுகள் பின்னுக்கும் சுற்றின. அவருடைய கூட்டாளிமார் மூன்று பேர் நின்றதால் வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

கட்டைகளை எடுத்து ஓட்டியதும் முன்னும் பின்னும் எதிரெதிராய் இழுத்ததில், முன் அச்சைச் சுழற்றும் இரும்புத் தண்டு முறிந்து, அவர் காலருகே தகரத்தைப் பொத்துக்கொண்டு வந்தது. மயிரிழையில் தப்பினார்.

"சில்லு மாறிச் சுத்தினத நான் கண்டன்," என்று அழுதேன்.

"அப்பவே சொன்னா என்ன புள்ள? நாங்க நாலு பேரும் இஞ்சினுக்குள்ள தலைய விட்டுட்டெல்லோ நிண்டம்!" என்றார்.

இப்போதும் ஆண்கள் முன்னால் பேச வெட்கம்தான். ஆனாலும் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.