பின்சிறகில் ஒரு பொய் இடுக்கு

பிராக்லி ஊரில் லோர்னா டெபட் என்றால் வாயில்லாப் பூச்சி என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் பந்தயக் கார் பட்டறையில் பின்சிறகை வடிவமைப்பது அவள் வேலை, மாட்டுவது என் வேலை.

சிறகு காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். வளைவில் அது வேண்டும். நேர்பாதையிலோ அதே சிறகு காரைப் பின்னால் இழுக்கும். லோர்னாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஓட்டுநர் இருக்கையருகே உள்ள ஓர் ஓட்டையை முழங்காலால் அடைத்தால், குழாய் வழியே போகும் காற்று சிறகின் இடுக்கில் பீறிடும். சிறகை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துவிடும். அழுத்தமும் போகும், இழுப்பும் போகும், கார் பறக்கும். காலை எடுத்தால் காற்று மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கேட்டுத் தலையாட்டிய மேலாளர் ஜூலியன் கிராஃப்ட், போட்டி அணிக்குத் தாவி, எல்லாம் தன் யோசனை என்று பேட்டி கொடுத்தான். வெட்கங்கெட்டவன். ஆனால் இடுக்கு எங்கே வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் போன பிறகுதான் லோர்னாவே அதைக் கண்டுபிடித்தாள்.

அணிகள் ஒன்றையொன்று திருட்டுத்தனமாகப் படம் பிடிக்கும். நாங்களும் தோளோடு தோள் நின்று மறைப்போம். சோதனை ஓட்டத்தன்று லோர்னா சிறகின் முன்பக்கம் கறுப்பு டேப் ஒட்டி, இடுக்கு போலக் காட்டினாள்.

“நல்லா மறைங்கப்பா. டீ குடிக்கிற சாக்குல ஒருத்தன் மட்டும் நகரணும்,” என்றாள். நகர்ந்தவன் நான்தான். அந்தச் சந்தில் ஜூலியனின் ஆள் படம் பிடித்துக்கொண்டு போனான்.

ஜூலியன் சோதித்துப் பார்க்கக்கூடப் பொறுக்காமல் தன் காரின் சிறகிலும் அதே இடத்தில் இடுக்கு வெட்டினான். சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் நடந்த பயிற்சியில் அவன் கார் நேர்பாதையில் எல்லோரையும் முந்தியது. வளைவுக்கு முன் ஓட்டுநர் ஓட்டையிலிருந்து காலை எடுத்தார். சிறகின் அவ்வளவு முன்பக்கத்தில் பிய்ந்த காற்று திரும்ப ஒட்டவில்லை. கார் சுழன்று சரளையில் புதைந்தது. ஓட்டுநர் இறங்கி நடந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் ஜூலியன் எங்களிடமே வந்து நின்றான். சரியான இடத்தைச் சொல்லாவிட்டால் தன் வேலை போய்விடும் என்று கெஞ்சினான்.

“வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. யார் யோசனைன்னு அவங்ககிட்ட சொல்லு. அப்புறம் சொல்றேன்,” என்றாள் லோர்னா.

போனான். எல்லோர் முன்னாலும் அவள் பெயரைச் சொன்னான். முகம் செத்துத் திரும்பி வந்தபோது லோர்னா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்ப சொல்லு லோர்னா.”

“சொல்றேன்னுதான் சொன்னேன். இன்னைக்குன்னு சொன்னேனா?”

எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.