இரண்டு கார் நிற்க இடம்

என் அத்தையின் முடிதிருத்தும் கடை அவர் வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. ஒரு சுழல் நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. தெருவே அவரைக் 'கத்தரி அக்கா' என்றுதான் கூப்பிடும். அப்போது எங்களுக்கு எல்லாமே நடை தூரம். மூலையில் ரொட்டிக்கடை, எதிரே தபால் நிலையம், பக்கத்துச் சந்தில் பள்ளிக்கூடம். ரொட்டி வாங்க வந்தவர் போகிற போக்கில் தலையை நீட்டி, "அக்கா, கூட்டமா?" என்பார். கூட்டமென்றால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். பேசி முடித்து, வந்த காரியத்தையே மறந்து எழுந்து போனவர்களும் உண்டு.

ஒருநாள் நகரசபை அதிகாரி வந்தார். குடியிருப்புப் பகுதியில் கடை நடத்துகிறவர்கள் வாசலில் இரண்டு கார் நிற்க இடம் விட வேண்டும் என்று புது விதியாம்.

"இங்க யாருங்க கார்ல வர்றா? எல்லாரும் நடந்துதானே வர்றாங்க!" என்றார் அத்தை.

"ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்ண?"

"அப்ப முன்ரூமை இடிச்சாத்தான் கார் நிக்கும். முடியை எங்க வெட்டறது, கார் மேல உக்கார வெச்சா?"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடையை மூடத்தான் வேண்டியிருந்தது. ரொட்டிக்கடையும் மூடியது. நெடுஞ்சாலையோரம் பெரிய வணிக வளாகம் எழும்பியது. அங்கே போக நடைபாதை கிடையாது.

சில நாள் அத்தை காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரி, சீப்பு, துணியெல்லாம் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் கடை வைக்கத்தான் தடை. வீடு தேடிப் போய் வெட்ட எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

வருஷங்கள் ஓடின. கார்கள் நேரே வீட்டுக்குள் நுழைந்தன, கதவுகள் சாத்திக்கொண்டன. எதிர்வீட்டில் குழந்தை பிறந்த சேதியே அத்தை சொல்லித்தான் பலருக்குத் தெரியும். மனைவியை இழந்த பழைய தபால்காரர் அடிக்கடி கூப்பிட்டனுப்புவார். வெட்ட அவர் தலையில் முடியே இருக்காது. அத்தை காதோரமாகக் கத்தரியை வெறுமனே சத்தம் போடவிட்டு, அரைமணி நேரம் பேசிவிட்டு வருவார்.

போன வருஷம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அத்தைக்கு முழங்கால் தகராறு, சைக்கிளும் மிதிக்க முடியவில்லை. அதனால் முன்னறையைத் துடைத்து மறுபடி கடையைத் திறந்தார். முதல் வாரம் ஒரு ஈ காக்காகூட வரவில்லை. தெருவில் நடக்கிற பழக்கமே ஜனங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

அப்புறம் ஒரு மாலை இரண்டு வீடு தள்ளியிருக்கும் பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"இங்க கடை திறந்திருக்குன்னே தெரியாதுங்க. ஆறு வருஷமா இந்தத் தெருவுலதான் இருக்கேன், இந்தப் பக்கம் நடந்ததே இல்ல."

"அதனாலென்ன, உக்காரும்மா," என்று அத்தை துணியை உதறினார். "முதல்ல உன் பேரைச் சொல்லு. எவ்ளோ வெட்டணும்ங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்."